யாருக்காக யார் காத்திருப்பது: லினக்ஸ் கெர்னலில் ஒரு நினைவகப் பூட்டு

கேள்வி

ஒன்றுக்கு மேற்பட்ட பிராசசர்கள் கொண்ட கணினிகளில் லினக்ஸ் கெர்னல் ஓடத் தொடங்கியது 1996-இல், 2.0 பதிப்பில். அப்போது கெர்னல் முழுமைக்கும் ஒரே ஒரு பெரும்பூட்டுதான். ஒரு பிராசசர் கெர்னலுக்குள் வேலை செய்துகொண்டிருந்தால் மற்றவை வாசலில் நிற்கும். அந்தப் பூட்டைச் சிறுகச் சிறுகத் தேய்த்து, 2011-இல் 2.6.39 பதிப்பில் அறவே நீக்கினார்கள். அதன் பிறகும் நினைவக மேலாண்மையில் ஒரு பூட்டு அசையாமல் நின்றது. ஒவ்வொரு புராசஸின் முகவரிவெளிக்கும் ஒன்று என்று அமைந்த வாசிப்பு-எழுத்துப் பூட்டு அது. நெடுங்காலம் எம்மேப் செமஃபோர் என்று வழங்கிவந்தது. 2020-இல் வந்த 5.8 பதிப்பிலிருந்து எம்மேப் பூட்டு எனப்படுகிறது. அதைத் தொடாமலே ஒரு பேஜ் ஃபால்ட்டை முடிக்கும் வழி 2023 ஜூனில், 6.4 பதிப்பில்தான் கிடைத்தது.

இவ்வளவு காலம் ஏன் ஆயிற்று என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில், பூட்டு பெரியது, கோர்கள் பெருகின, ஆகவே நெரிசல் என்பது. இந்தப் பதில் பாதி உண்மை. பூட்டைப் பிடித்திருக்கும் இழை எப்போது ஓடும், எப்போது உறங்கும் என்பதைத் தீர்மானிப்பது ஷெட்யூலர். அந்த இழையின் உறக்கம் பிற இழைகள்மீது சுமத்தும் காத்திருப்பே இந்தப் பூட்டின் முதன்மையான நோய் என்பது என் வாதம். நெரிசல் அந்த நோயின் ஓர் அறிகுறி மட்டுமே.

பூட்டு எதைக் காக்கிறது

ஒரு புராசஸ் தனக்கென்று ஒரு பெரிய, தொடர்ச்சியான நினைவகம் இருப்பதாக நம்பி ஓடுகிறது. மெய்யான நினைவகமோ பெரும்பாலான கணினிகளில் 4096 பைட் அளவுள்ள பக்கங்களாகத் துண்டுபட்டுக் கிடக்கிறது. எந்த முகவரி வரம்பு எதற்கு, அது கோப்பைச் சார்ந்ததா, அங்கே எழுதலாமா, படிக்க மட்டுமா என்ற விவரங்களைக் கெர்னல் பகுதி பகுதியாகக் குறித்துவைத்திருக்கிறது. இப்பகுதிகளை வி.எம்.ஏ. என்பார்கள். புராசஸ் ஒரு முகவரியைத் தொடும்போது அங்கே பக்கம் இல்லையென்றால் பேஜ் ஃபால்ட் எழும். கெர்னல் உள்ளே வந்து, பகுதியைத் தேடிப் பார்த்து, பக்கத்தை வைத்துவிட்டுத் திரும்பும்.

கிராம நிர்வாக அலுவலரின் நிலப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளலாம். பலர் ஒரே நேரத்தில் பார்வையிடலாம். பட்டா மாற்றம் எழுதப்படும்போது யாரும் பார்க்க முடியாது. பேஜ் ஃபால்ட் பார்வையிடுபவர். புதிய பகுதியைச் சேர்க்கும் எம்மேப், நீக்கும் மன்மேப், உரிமையை மாற்றும் எம்ப்ரொடெக்ட் ஆகியவை எழுதுபவர்கள். சிக்கல் என்னவென்றால், ஒரு புல எண்ணில் எழுதினாலும் பதிவேடு முழுவதும் மூடப்படுகிறது.

புராசஸின் எல்லா இழைகளுக்கும் முகவரிவெளி ஒன்றே, ஆகவே பூட்டும் ஒன்றே. புதிய இழை தொடங்கும்போது அதன் ஸ்டாக்குக்காக எம்மேப் அழைப்பு போகிறது. பெரிய நினைவகத் துண்டு கேட்டால் மாலக்கும் அதையே அழைக்கிறது. நிரலாளர் நினைவகப் பகுதிகளைப் பற்றி ஒருபோதும் யோசிக்காவிட்டாலும் அவருடைய நிரல் இந்தப் பூட்டைப் பிடித்து விட்டுக்கொண்டேயிருக்கும்.

பின்வரும் வாதத்துக்கு இன்னொரு விதியும் தேவை. எழுத வந்த இழை வரிசையில் நின்றுவிட்டால், அதற்குப் பின் வரும் வாசகர்களும் அதன் பின்னால்தான் நிற்க வேண்டும். இல்லையென்றால் வாசகர்கள் வந்துகொண்டேயிருக்க, எழுத வந்ததற்கு முறையே கிடைக்காது. நியாயமான விதி. ஆனால் மந்தமான ஒரு வாசகர் உள்ளே இருக்க, ஓர் எழுதுபவர் காத்திருக்கத் தொடங்கினாரோ இல்லையோ, அந்தப் புராசஸின் எல்லாப் பேஜ் ஃபால்ட்டுகளும் அந்த ஒரு வாசகரின் வேகத்துக்கு இறங்கிவிடும்.

நிலவும் விளக்கம்

கோர்களின் நெரிசலே காரணம் என்ற பார்வையை வலுவாக முன்வைத்தவர்கள் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள். 2010-இல் 48 கோர் கணினியொன்றில் ஏழு பயன்பாடுகளை ஓட்டி, லினக்ஸ் எங்கெங்கே தடுக்கிறது என்று அளந்தார்கள். அந்த ஆய்வு மரபிலிருந்து 2012-இல் போன்சாய் என்ற வடிவமைப்பு வந்தது. பகுதிகளின் மரத்தை, வாசகர்கள் பூட்டின்றியே படிக்க விடும் ஆர்.சி.யு. முறையில் அமைத்தால் பேஜ் ஃபால்ட் பூட்டே இல்லாமல் நடக்கலாம் என்று 80 கோர்களில் செய்துகாட்டினார்கள். 2013-இல் கிளெமென்ட்ஸ், காஷூக், செல்டோவிச் மூவரும் வெளியிட்ட ரேடிக்ஸ்-வி.எம். இன்னும் ஒரு படி மேலே போயிற்று. ஒன்றோடொன்று மோதாத வரம்புகளில் நடக்கும் எம்மேப், மன்மேப்கூட இணையாக நடக்கலாம் என்றது. கெர்னலுக்குள்ளேயே ஹ்யூ டிக்கின்ஸ் 2.6.15 பதிப்பில் எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று குறிக்கும் பக்க அட்டவணையின் பூட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டிருந்தார். அதுவும் இதே திசையில் வைத்த அடிதான்.

இவை உயர்ந்த ஆய்வுகள், ஐயமில்லை. ஆனால் இத்தகைய அளவீடுகளுக்கு அடியில் ஓர் எடுகோள் இருக்கிறது. ஒவ்வொரு இழைக்கும் தனிக் கோர் உண்டு, நினைவகம் தாராளமாக இருக்கிறது, வட்டுக்காக யாரும் நிற்பதில்லை. அந்தச் சூழலில் பூட்டைப் பிடித்தவர் ஓடிக்கொண்டேயிருப்பார், சில மைக்ரோ விநாடிகளில் விட்டுவிடுவார். மிஞ்சுவது நெரிசல் ஒன்றுதான், ஆகவே அளவீட்டில் தெரிவதும் அதுதான்.

ஆண்ட்ராய்டு கைபேசி இந்த எடுகோளுக்கு நேரெதிரான உலகம். கோர்கள் சொற்பம், இழைகள் நூற்றுக்கணக்கில், நினைவகம் எப்போதும் தட்டுப்பாடு. ஆப் ஒன்றைத் திறக்கும் கணத்தில் அதன் இழைகள் ஒருபக்கம் பகுதிகளைச் சேர்த்துக்கொண்டும் மறுபக்கம் பேஜ் ஃபால்ட் எழுப்பிக்கொண்டும் இருக்கும். எம்மேப் பூட்டை உடைக்க வேண்டும் என்று கடைசியில் விடாமல் உழைத்து முடித்தவர் கூகுளில் ஆண்ட்ராய்டுக்காக வேலை செய்த சுரேன் பக்தசார்யன். நூறு கோர் சர்வர்களுக்கு மட்டுமே உரிய சிக்கலாக இது இருந்திருந்தால் கைபேசிக்காரர்கள் இவ்வளவு பாடுபட்டிருக்கமாட்டார்கள்.

பூட்டைப் பிடித்தபடி உறங்குதல்

கெர்னல் பூட்டுகளில் இரண்டு இனம் உண்டு. ஸ்பின் பூட்டைப் பிடித்த இழை உறங்கக் கூடாது. காத்திருப்பவர் கோரிலேயே சுற்றிக்கொண்டு நிற்பார். செமஃபோர் இனத்தில் பிடித்தவரும் உறங்கலாம், காத்திருப்பவரும் உறங்கலாம். எம்மேப் பூட்டு இரண்டாம் இனம், அப்படித்தான் இருக்கவும் முடியும். பேஜ் ஃபால்ட்டுக்கு இடையே நினைவகம் ஒதுக்க வேண்டியிருக்கும், வட்டிலிருந்து படிக்க வேண்டியிருக்கும்.

வட்டு வாசிப்பையே முதலில் எடுத்துக்கொள்வோம். கோப்பைச் சார்ந்த பக்கம் நினைவகத்தில் இல்லையென்றால் ஃபால்ட் எழுப்பிய இழை, வாசிப்புப் பூட்டைப் பிடித்தபடியே வட்டுக்காக உறங்கியது. சுழலும் வட்டில் இது பல மில்லி விநாடிகள்; பூட்டை வழக்கமாகப் பிடித்திருக்கும் நேரத்தைப்போல ஆயிரம் மடங்கு. மிஷேல் லெஸ்பினாஸ் 2010-இல் எழுதி 2.6.37 பதிப்பில் சேர்ந்த மாற்றம் இதைத்தான் தொட்டது. வட்டுக்குக் காத்திருக்க நேர்ந்தால் பூட்டை விட்டுவிட்டு உறங்கு; பக்கம் வந்ததும் ஃபால்ட்டை முதலிலிருந்து தொடங்கு. பூட்டின் அளவில் எந்த மாற்றமும் இல்லை. பிடித்தவர் உறங்கும் ஒரு வழி மட்டும் அடைக்கப்பட்டது.

ஒன்பது ஆண்டுகள் கழித்தும் அடைபடாத வழிகள் இருந்தன. 2019-இல், 5.1 பதிப்புக்கு, ஃபேஸ்புக்கின் ஜோசஃப் பாசிக் கொண்டுவந்த மாற்றத்தின் பின்னணி என்னைப் பொறுத்தவரை இந்த வரலாற்றிலேயே அதிகம் கற்பிக்கும் பகுதி. சிகுரூப் வசதியால் முக்கியமான பயன்பாட்டையும் பின்னணி வேலைகளையும் பிரித்து, பின்னணிக் குழுவின் வட்டுப் பயன்பாட்டுக்கு உச்சவரம்பு வைத்திருந்தார்கள். பிரிப்பு முறையாகவே இருந்தது. ஆனால் முக்கியமான பயன்பாடு கணினியின் நலத்தைப் பார்க்கப் பி.எஸ். போன்ற கட்டளைகளை ஓட்டும். அவை ஒவ்வொரு புராசஸின் விவரத்தையும் படிக்க அந்தப் புராசஸின் எம்மேப் பூட்டைக் கேட்கும். கட்டுப்படுத்தப்பட்ட குழுவைச் சேர்ந்த இழையோ அந்தப் பூட்டைப் பிடித்தபடி, தனக்கு விதிக்கப்பட்ட மெதுவான வட்டு முறைக்காக உறங்கிக்கொண்டிருக்கும். பின்னணி வேலைக்கு விதித்த கட்டுப்பாடு பூட்டின் வழியே ஏறிவந்து முக்கியமான பயன்பாட்டைப் பிடித்துக்கொண்டது. இதில் கோர்களின் எண்ணிக்கைக்கு எந்தப் பங்கும் இல்லை.

நினைவக ஒதுக்கீடு இதைவிடக் கடினம். வெற்றுப் பக்கங்கள் குறையும்போது கேஸ்வாப்-டி என்ற கெர்னல் இழை பின்னணியில் பக்கங்களை விடுவிக்கும். அதனால் ஈடுகொடுக்க முடியாவிட்டால், பக்கம் கேட்டு வந்த இழையே மீட்பு வேலையில் இறங்க வேண்டும். அது எம்மேப் பூட்டைப் பிடித்தபடி கேட்டிருந்தால், மீட்பு முடியும்வரை பூட்டும் அதன் கையில்தான் இருக்கும்.

எதையும் மீட்க முடியாத நிலையில் ஓ.ஓ.எம். கில்லர் ஒரு புராசஸைத் தேர்ந்து கொல்கிறது. கொல்லப்பட்ட புராசஸ் தானே வெளியேறினால்தான் அதன் நினைவகம் திரும்பக் கிடைக்கும். அதன் இழையொன்று ஒரு பூட்டுக்காகக் காத்திருக்க, அந்தப் பூட்டைப் பிடித்த வேறொன்று நினைவகத்துக்காகக் காத்திருந்தால்? வளையம் பூட்டிக்கொள்கிறது; கணினி உறைகிறது. 2016-இல் 4.6 பதிப்பில் மிக்கல் ஹோக்கோ ஓ.ஓ.எம். ரீப்பர் என்ற தனி இழையைச் சேர்த்தார். கொல்லப்பட்ட புராசஸ் வெளியேறும்வரை காத்திராமல், அதன் பக்கங்களை வெளியிலிருந்தே உருவி எடுப்பது அதன் வேலை. அதற்கும் எம்மேப் பூட்டு வாசிப்புக்காகத் தேவை. ஆகவே அது காத்திராமல் முயன்று மட்டும் பார்க்கிறது. பத்து முயற்சிகளில் கிடைக்காவிட்டால் கைவிடுகிறது. என் வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று இல்லை. இங்கே வேகம் பேச்சே இல்லை. கணினி பிழைத்திருக்குமா என்பதே கேள்வி.

முன்னுரிமை தலைகீழாதல்

குறைந்த முன்னுரிமையுள்ள இழை பூட்டைப் பிடித்திருக்க, உயர்ந்த முன்னுரிமையுள்ளது காத்திருக்க, நடுவிலுள்ள ஒன்று கோரைப் பிடித்துக்கொண்டு குறைந்ததை ஓடவிடாமல் செய்வதை முன்னுரிமைத் தலைகீழாக்கம் என்பர். 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் திரும்பத் திரும்ப ரீசெட் ஆனது இதனால்தான். பூட்டைப் பிடித்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாக ஏற்றிக் கொடுப்பதே மருந்து. பூமியிலிருந்து அந்த அமைப்பை இயக்கிவிட்டதும் சிக்கல் தீர்ந்தது. இந்த மருந்தை முறையாக ஆராய்ந்து 1990-இல் கட்டுரையாக்கியவர்கள் லூய் ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோக்ஸ்கி.

ஒரு பூட்டுக்கு ஒரே உரிமையாளர் என்றால் இந்த மருந்து வேலை செய்யும். எம்மேப் பூட்டிலோ ஒரே நேரத்தில் வாசகர்கள் பலர். எழுத வந்த இழை தன் முன்னுரிமையை யாருக்குக் கொடுப்பது? ஏறத்தாழ இருபது ஆண்டு உழைப்புக்குப் பின் 2024-இல் 6.12 பதிப்பில் மையக் கெர்னலில் சேர்ந்த நிகழ்நேரக் கட்டமைப்பும் இதற்கு விடை தரவில்லை. வாசிப்பு-எழுத்துச் செமஃபோரில் எழுதுபவர் தம் முன்னுரிமையைப் பல வாசகர்களுக்கு வழங்க முடியாது, ஆகவே முன்னுரிமை குறைந்த வாசகர் உயர்ந்த எழுதுபவரைப் பட்டினி போடக்கூடும் என்று கெர்னல் ஆவணமே சொல்கிறது. நிகழ்நேர நிரல்களை எழுதுவோர் தொடக்கத்திலேயே எம்லாக்ஆல் அழைத்து எல்லாப் பக்கங்களையும் நினைவகத்தில் நிறுத்திக்கொள்வதும் இதனால்தான். பேஜ் ஃபால்ட் ஒன்று எழுந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவர்களுக்கு யாராலும் உறுதி தர முடியாது.

ஊக வழியும் பகுதிப் பூட்டும்

மாற்றாக இரண்டு வழிகள் எதிரெதிரே நின்றன. ஒன்று ஊகப் பேஜ் ஃபால்ட். பூட்டே பிடிக்காமல் வேலையைச் செய், முடிவில் இடையே எதுவும் மாறவில்லை என்று வரிசையெண்ணைச் சரிபார், மாறியிருந்தால் தொடக்கத்திலிருந்து செய். பீட்டர் சைல்ஸ்ட்ரா தொடங்கிய இந்த யோசனையை ஐ.பி.எம்மின் லோரான் டுஃபூர் பல ஆண்டுகள் வளர்த்தார்; பின்னர் லெஸ்பினாஸ் மறுபடி எழுதினார். கெர்னலில் அது சேரவேயில்லை.

மற்றது பகுதிக்கொரு பூட்டு. 2022-இல் நடந்த நினைவக மேலாண்மையாளர்களின் கூட்டத்தில், ஊக வழி குறித்த விவாதத்தின்போது எழுந்த யோசனை இது. பக்தசார்யன் அதை நிரலாக்கினார். பகுதிகளைப் பூட்டின்றித் தேடும் வசதியை மேத்யூ வில்காக்ஸும் லியாம் ஹௌலெட்டும் எழுதிய மேப்பிள் மரம் 6.1 பதிப்பில் தந்துவிட்டிருந்தது. ஃபால்ட் எழுப்பிய இழை தன் பகுதியைத் தேடி, அந்தப் பகுதியின் வாசிப்புப் பூட்டை மட்டும் முயன்று பார்க்கும். கிடைக்காவிட்டால் பழைய எம்மேப் பூட்டுக்குத் திரும்பும். எழுதுபவர் எம்மேப் பூட்டையும், தாம் தொடும் ஒவ்வொரு பகுதியையும் பூட்டுவார். விடும்போது ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதில்லை. முகவரிவெளியின் வரிசையெண்ணை ஒன்று கூட்டினால் பூட்டிய பகுதிகள் அனைத்தும் ஒருசேரத் திறந்துவிடும். அழகான ஏற்பாடு.

முதல் முன்மொழிவிலேயே பக்தசார்யன் ஒன்றை வெளிப்படையாகச் சொன்னார்: ஊக வழி தரும் பயனில் ஏறத்தாழ 75 சதவீதமே இதில் கிடைக்கும். வேகமே அளவுகோல் என்றால் இது தோற்ற வழி. ஆயினும் கெர்னல் சமூகம் இதையே ஏற்றது. சரியான முடிவு என்றே நான் கருதுகிறேன். ஊக வழியில் ஃபால்ட் பாதையின் ஒவ்வொரு வரியும், தான் பார்த்துக்கொண்டிருக்கும் பகுதி அடுத்த கணம் மறைந்துபோகலாம் என்று எண்ணி எழுதப்பட வேண்டும். கோப்பு முறைமைகளும் சாதன டிரைவர்களும் எழுதும் ஃபால்ட் கையாளிகளுக்கும் அந்தச் சுமை போய்ச்சேரும். பகுதிப் பூட்டோ எல்லோருக்கும் பழகிய ஒழுங்கு. 6.4 பதிப்பில் கோப்பைச் சாராத பக்கங்களுக்கு மட்டும் தொடங்கி, அடுத்தடுத்த பதிப்புகளில் படிப்படியாக விரிக்க முடிந்தது அதனால்தான்.

எதிர்த்தரப்பு வாதத்திலும் வலு உண்டு. ஒரு பகுதியை எழுத்துக்காகப் பூட்டிவிட்டால் எம்மேப் பூட்டு விடப்படும்வரை அது திறக்காது. அந்தப் பகுதியில் ஃபால்ட் எழுப்பிய இழை பழைய வரிசைக்கே போய் நிற்கும். காத்திருப்பு அரிதாகியிருக்கிறது, அதன் உச்ச நீளம் அப்படியே இருக்கிறது.

2023-இன் இரண்டு பிழைகள்

பூட்டைத் தளர்த்துவதன் விலையும் அந்த ஆண்டே தெரிந்தது. முதலாவது ஸ்டாக்ராட். ஸ்டாக் கீழ்நோக்கி வளரும்போது பகுதியின் எல்லையை நீட்ட வேண்டும். இது எழுத்து வேலைதான் என்றாலும், நெடுங்காலமாக வாசிப்புப் பூட்டின்கீழேயே நடக்க விட்டிருந்தார்கள். பழைய சிவப்பு-கறுப்பு மரத்தில் எல்லை எண் மட்டுமே மாறியதால் ஆபத்தில்லை. மேப்பிள் மரத்தில் அதே வேலைக்குக் கணுவையே மாற்றி வைக்க வேண்டும். பழைய கணு விடுவிக்கப்பட்ட பின்னும் வேறொரு வாசகர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். பீக்கிங் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ருய்ஹான் லி இதைக் கண்டறிந்து 2023 ஜூனில் தெரிவித்தார். லினஸ் டொர்வால்ட்ஸ் முன்னின்று திருத்தினார். எழுதப்படாத ஒரு சலுகை, அடியிலிருந்த தரவமைப்பு மாறியதும் பாதுகாப்பு ஓட்டையாயிற்று.

இரண்டாவது பிழை பகுதிப் பூட்டுக்கே உரியது. பல இழைகள் கொண்ட புராசஸ் தன் நகலாகப் புதிய புராசஸை உருவாக்க ஃபோர்க் அழைக்கும்போது கெர்னல் பக்க அட்டவணையைப் படியெடுத்து, பக்கங்களை எழுத முடியாதவையாக்கும். அந்த நேரத்தில் எம்மேப் பூட்டு எழுத்துக்காகப் பிடிக்கப்பட்டிருப்பதால் பிற இழைகளின் ஃபால்ட் எதுவும் நடக்காது என்பது பழைய நம்பிக்கை. 6.4 பதிப்பில் அந்த ஃபால்ட்டுகள் எம்மேப் பூட்டைத் தொடாமலே நுழைந்தன. நிரல்களின் நினைவகம் சிதைந்தது. நிலைப்பதிப்பில் வசதியைத் தற்காலிகமாக முடக்கி, ஃபோர்க்கின்போது ஒவ்வொரு பகுதியையும் பூட்டும்படி திருத்தினார்கள். திருத்தம் சில வரிகள்தான். ஆனால் எத்தனை இடங்களில் கெர்னல் அந்தப் பெரிய பூட்டை, சொல்லாமலே, வேறு காரியங்களுக்கும் நம்பியிருந்தது என்பதை அது காட்டியது. இவ்வளவு ஆண்டுகள் ஏன் ஆயிற்று என்ற தொடக்கக் கேள்விக்கு விடையின் பெரும்பகுதி இங்கேதான் இருக்கிறது என்பேன்.

எஞ்சியிருப்பது

பகுதிப் பூட்டு வெற்றிதான். அதை ஃபால்ட் வீதத்தால் மட்டும் அளந்தால் அந்த வெற்றியின் தன்மை புலப்படாது. ஒரு விநாடியில் எத்தனை ஃபால்ட் என்ற எண், மிக நீண்ட ஒரு காத்திருப்பை எளிதில் மறைத்துவிடும். பயன்படுத்துபவரின் கையில் திரை உறைவது அந்த ஒரு காத்திருப்பில்தான். எம்மேப் பூட்டின் காத்திருப்பை அளக்கும் டிரேஸ் புள்ளிகள் 2021 முதல் கெர்னலில் உள்ளன. நினைவக மேலாண்மையை ஆராய்வோரும் கற்பிப்போரும் சராசரியோடு உச்சக் காத்திருப்பையும், அந்த நேரத்தில் பூட்டைப் பிடித்திருந்தவர் எதற்காக உறங்கினார் என்பதையும் சேர்த்துப் பதிய வேண்டும்.

எழுத்துப் பக்கம் இன்னும் தீரவில்லை. முகவரி வரம்புக்கேற்பப் பூட்டும் முறையை 2013 முதலே யான் காரா, பின்னர் டேவிட்லோர் புவேசோ முதலியோர் முன்மொழிந்தார்கள். எம்மேப் பூட்டின் இடத்தை அது பிடிக்கவில்லை. ஒரே புராசஸின் இரண்டு இழைகள், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இரண்டு வரம்புகளில் எம்மேப் அழைத்தாலும், ஒன்று முடியும்வரை மற்றது காத்திருக்கத்தான் வேண்டியிருக்கிறது.